அடிபம்பில் இருந்த சிவப்பு

ஜனவரி 2

இந்த டைரி புது வருஷத்துக்குக் கம்பெனி கொடுத்தது. கனமான அட்டை. ஒவ்வொரு மாதத்தின் தொடக்கத்திலும் ஒரு வண்ணப் படம். ஜனவரிக்கு மரம் நடுகிறார்கள், பிப்ரவரிக்குக் கண் பரிசோதனை முகாம். போன வருஷம் வரை கிடைத்த டைரியை மச்சானிடம் கொடுத்துவிடுவேன். இந்த வருஷம் எனக்கே தேவைப்படுகிறது. வலது கையில் மீதம் இருக்கிற மூன்று விரல்களை வைத்து தினமும் ஏதாவது எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதுவது என்று ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். "எது வேணா எழுதுங்க சார், கை ஓடணும், அவ்வளவுதான்" என்றாள்.

இவ்வளவு எழுத அரை மணி நேரம் ஆனது. எல்லாம் கோழிக் கிறுக்கல். கீழே பத்து தடவை கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். மு. திம்மராஜ். பத்தும் பத்து ஆள் போட்டது போல இருக்கிறது.

ஜனவரி 5

இனிமேல் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை கிடையாது. விபத்தைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

என்னைச் சி.எஸ்.ஆர். பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஊருக்கு நல்லது செய்கிற பிரிவு. ஆள் இரண்டே பேர்: ப்ரியம்வதா மேடம், நான். பேனர் கட்டுவது, பெயர்ப் பட்டியலில் டிக் அடிப்பது, ஊர்க்காரர்களிடம் பேசுவது என் வேலை. உள்ளூர்க்காரன் வேண்டும் என்று கேட்டு என்னை எடுத்தது மேடம்தான். ஒரு வருஷம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்களாம். வேறு கம்பெனியாக இருந்தால் எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மனைவி சௌபாக்யா சாமிக்குத் தேங்காய் உடைத்தாள்.

ஜனவரி 21

மேடத்துக்கு ஒரே தலைவலி. ஆபீஸில் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு நான்கு மணி நேரம் தன்னார்வ வேலை செய்ய வேண்டும் என்பது கம்பெனி விதி. மார்ச்சோடு கணக்கு வருஷம் முடியப் போகிறது, இன்னும் அறுபத்து நாலு பேர் ஒரு மணி நேரம்கூடச் செய்யவில்லை. வேலைக்கு ஆள் தேடிப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு வேலை தேடுவது இப்போதுதான்.

"உங்க ஊர் ஸ்கூல் இருக்குல்ல திம்மராஜ்? பெயின்ட் அடிச்சிடலாமா?"

மல்லனப்பள்ளி நடுநிலைப் பள்ளி. நான் படித்தது. இப்போது என் மகள் சாதனா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம்தான் கம்பெனி அங்கே பெயின்ட் அடித்தது, அதற்கு முந்தின வருஷம் யாரோ ஒரு பேங்க்காரர்கள். சொன்னேன். "அப்ப இந்த வருஷம் பறவைகள் தீம்" என்றார் மேடம்.

ஜனவரி 27

பள்ளிக்குப் போய் ஹெலன் டீச்சரிடம் தேதி வாங்கினேன். தலைமை ஆசிரியை. நாகர்கோவில் பக்கத்துக்காரர், மாற்றலாகி இங்கே வந்து ஒரு வருஷம் ஆகவில்லை.

"பெயின்ட் எல்லாம் வேண்டாம் சார். மூணு வருஷம் முந்தி நீங்க குடுத்த தண்ணி ஃபில்டர் தீபாவளியில இருந்து ஓடல்ல. அதைச் சரி பண்ணித் தந்தா போதும். புள்ளைங்க வீட்டுல இருந்து பாட்டில் கொண்டு வருதுங்க. கொண்டு வராத புள்ளைங்க சும்மா இருக்குதுங்க."

மேடத்திடம் சொன்னேன். அவருக்கும் வருத்தம்தான். நல்ல மனுஷி. "ரிப்பேருக்கு நமக்கு அனுமதி இல்ல திம்மராஜ். புதுசா குடுக்கலாம். ஆனா ஒரே ஸ்கூலுக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை குடுக்க முடியாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடுவுல மாட்டிக்கிட்டோம்" என்றார்.

பிப்ரவரி 21, சனி

களைப்பு. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பதுக்கு இரண்டு பஸ்ஸில் அறுபத்து நாலு பேர் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் மஞ்சள் டீஷர்ட். பள்ளியில் பிள்ளைகள் நாற்பத்தேழு. சனிக்கிழமையானாலும் வரச் சொல்லியிருந்தோம், பிள்ளைகள் இல்லாமல் போட்டோ எடுக்க முடியாது.

சுவர் இருபது பேருக்குத்தான் காணும். போன வருஷப் பெயின்டே பளபளவென்று இருக்க, அதன் மேலேயே மயிலும் மைனாவும் வரைந்தார்கள். மீதிப் பேர் கேட்டுக்கு அடித்தார்கள், கொடிக்கம்பத்து மேடைக்கு அடித்தார்கள், புங்க மரத்தைச் சுற்றி இருந்த கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அடித்தார்கள். அப்படியும் எட்டுப் பேர் கையில் பிரஷ்ஷோடு நின்றார்கள். பஸ் ஒரு மணிக்கு. நாலு மணி நேரம் எல்லாருக்கும் பதிவாக வேண்டும். மேடம் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

ஒரு பெண் மூலையில் இருந்த அடிபம்பைக் காட்டி, "இது துருப்பிடிச்சு அசிங்கமா இருக்கே, இதை அழகு பண்ணிடலாமா?" என்றாள். தட்டு கழுவவும் கக்கூசுக்குத் தண்ணீர் பிடிக்கவும் பயன்படுகிற பம்பு. தலையில் சிவப்புப் பெயின்ட் இருந்தது. எட்டுப் பேரும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பம்பு நீலமாகிவிட்டது, தலையில் பச்சைக் கிளி, கைப்பிடி முழுக்கப் பூ. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கிளம்பும்போது கம்பெனி அச்சடித்த படிவத்தில் ஹெலன் டீச்சர் கையெழுத்துப் போட்டார். செய்துகொடுத்த வேலைகளைப் பள்ளி பராமரிக்க வேண்டும், மூன்று வருஷத்துக்கு எதையும் மாற்றக் கூடாது. சாட்சி இடத்தில் நான்.

குரூப் போட்டோவில் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 22

கை வலி. எழுதவில்லை.

மார்ச் 4

காலையில் சாதனாவின் பாட்டிலில் நானே கேன் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். "பள்ளிக்கூடத்துப் பம்புத் தண்ணி குடிக்கக் கூடாது, தெரியுதா?" என்றேன்.

"ஏன்?"

"குடிச்சா பல்லு அப்பா பல்லு மாதிரி ஆயிடும்."

என் வாயையே பார்த்தாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என் பல்லைப் பற்றி எழுதுவதில் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்தில் என் வயசுக்காரர்கள் பலருக்கும் இப்படித்தான். காவிக் கோடு, ஓரம் அரித்தது போல. எங்கள் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். நான் பத்தாவது முடித்து ரொம்ப நாள் கழித்துத்தான் குடிநீர் வாரியத்து ஆட்கள் வந்து, குடிக்கக் கூடாத பம்புக்கெல்லாம் தலையில் சிவப்பு அடித்துவிட்டுப் போனார்கள்.

மார்ச் 12

டீக்கடையில் கல்பனாவைப் பார்த்தேன். அவள் மகள் தீபிகா ஒன்றாம் வகுப்பு, சாதனாவை விட்டு நகரவே மாட்டாள். "அண்ணா, கம்பெனிக்காரங்க போரைச் சரி பண்ணிட்டாங்களாமே? செவப்பை எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. நல்ல காரியம் பண்ணீங்க. பாட்டில் குடுத்து அனுப்புற வேலை மிச்சம்" என்றாள்.

டீ சூடாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13

மதியம் அந்த வழியாகப் போனேன். பம்பு முன்னால் பிள்ளைகள் வரிசை. ஒருவன் அடிக்க ஒருத்தி கை ஏந்துகிறாள். கிளி இருக்கிற பம்பு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது.

மார்ச் 18

ஹெலன் டீச்சர் வரச் சொன்னார். போனேன்.

"சார், உங்க பொண்ணு தீபிகாகிட்ட பம்புத் தண்ணி குடிக்காதே, பல்லு கெட்டுப்போகும்ன்னு சொல்லியிருக்கா. யாரு சொன்னதுன்னு கேட்டேன். எங்கப்பான்னு சொன்னா."

எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு என்றால் என்ன என்று சொன்னேன். வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். பெற்றோரைத் தவிர வேறு யாரிடமும் நானாக வாயைத் திறந்து காட்டியது இதுதான் முதல் தடவை.

"நான் வந்தப்ப சிவப்பு இருந்தது. துருவுக்கு அடிச்ச பெயின்ட்ன்னு நினைச்சேன். எங்க ஊர்ல இதெல்லாம் இல்ல சார்" என்றார். பிறகு கேட்டார்: "பெயின்ட் அடிச்சு ஒரு மாசம் ஆகப்போகுது. உங்க பொண்ணுகிட்ட மட்டும் சொல்லியிருக்கீங்க, இல்லியா?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

திரும்பச் சிவப்பு அடித்துவிடலாம் என்றார். பிறகு அவரே பீரோவைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்தார். மூன்று வருஷம். எதையும் மாற்றக் கூடாது. சாட்சி, கோழிக் கிறுக்கலாக என் பெயர். "நான் அரசாங்க உத்தியோகம் சார், கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்க கம்பெனி ஒரு லெட்டர் தரட்டும், நாளைக்கே அடிச்சிடலாம்" என்றார்.

மார்ச் 19

மேடத்திடம் பேசினேன். ஊரில் இப்படிச் சொல்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். மேடத்துக்கு முகம் மாறிவிட்டது. "ஐயோ! எழுத்துல ஏதாவது ரிப்போர்ட் இருக்கா திம்மராஜ்? தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் ஒண்ணு இருந்தா நான் மேல பேச முடியும். சும்மா ஊர்ல சொல்றாங்கன்னு சொன்னா நம்ம பண்ணதையே நாம குறை சொல்ற மாதிரி ஆயிடும்."

சரி என்றேன்.

மார்ச் 24

பஞ்சாயத்து ஆபீஸ் மூன்றாவது நாள். கிளார்க் இன்றுதான் இருந்தார். பெரிய நோட்டை எடுத்துப் பார்த்தார்.

"செவப்பு அடிச்ச பம்பை டெஸ்டுக்கு அனுப்ப மாட்டாங்கப்பா. அதான் வேணாம்னு ஏற்கனவே முடிவு பண்ணியாச்சே."

"இப்ப செவப்பு இல்லீங்க."

"செவப்பு இல்லன்னா குடிக்கிற பம்பு லிஸ்ட்ல இருக்கணும். அதுல இல்லையே."

"அப்ப எதுல இருக்குது?"

நோட்டை இரண்டு பக்கமும் புரட்டினார். "எதுலயும் இல்ல. யார் செவப்பை எடுத்தது?" என்று கேட்டார்.

நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

டவுனில் ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கினேன். மத்தியானம் பள்ளியில் யாரும் இல்லை. பிரஷ் மூன்று விரலுக்குள் நிற்கவில்லை, இடது கையால் பிடித்து வலது கையால் தள்ளினேன். சட்டை எல்லாம் பெயின்ட். கிளியின் கழுத்து முழுக்க ஒழுகிவிட்டது. பரவாயில்லை. தூரத்தில் போய் நின்று பார்த்தேன். சிவப்பு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். "என்னங்க, இன்னைக்கு மூஞ்சியில வெளிச்சம்?" என்றாள் சௌபாக்யா.

ஏப்ரல் 2

நேற்று போட்டோகிராபர் பள்ளிக்குப் போயிருக்கிறார், ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க. எனக்குச் சொல்லவில்லை. இன்று மேடம் போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"யாரோ விஷமம் பண்ணியிருக்காங்க பாருங்க. கிளி மேல ரத்தம் மாதிரி. நல்லவேளை அவர்கிட்ட தின்னர் இருந்துச்சு, துடைச்சு டச்சப் பண்ணிட்டார். அடுத்த வருஷம் பெயின்ட் பண்ண வர்றவங்க மனசு என்ன ஆகும்? உங்க ஊர்தானே, யாருன்னு கொஞ்சம் விசாரிங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான்தான் மேடம் என்று இரண்டு வார்த்தை. "விசாரிக்கிறேன் மேடம்" என்றேன். அதுவும் இரண்டு வார்த்தைதான்.

ஏப்ரல் 3

விசாரித்தேன். யாரென்று தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 6

ஹெலன் டீச்சர் பிரேயரில் பிள்ளைகளிடம் பம்புத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பெரிய பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்களாம். சின்னப் பிள்ளைகள் இவர் வகுப்புக்குள் போனதும் பம்புக்கு ஓடிவிடுகிறார்களாம். பூட்டவும் முடியாது, கக்கூசுக்குத் தண்ணீர் அங்கேதான்.

ஏப்ரல் 25

பள்ளி லீவு விட்டாயிற்று. அப்பாடா.

மே 17

கையெழுத்து பதினைந்து தடவை. இரண்டு பரவாயில்லை. ஆபீஸில் என் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று லீவு படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் 9

பள்ளி திறந்தது. ஹெலன் டீச்சருக்குச் சொந்த மாவட்டத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. போகும் முன் போன் செய்தார். "அந்தப் பம்பை மறந்துடாதீங்க சார்" என்றார். இப்போது பொறுப்பில் இருக்கிற வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். "கம்பெனி பண்ணிக் குடுத்ததுங்க, பார்க்காமலா பண்ணியிருப்பாங்க?" என்று என்னையே கேட்டார். நான் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

ஜூன் 14

பிப்ரவரி 21-ஆம் தேதிப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். அதில் ஒன்று பொய்.

கேட்டார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவன் பிரஷ்ஷை வைக்கும் முன் கேட்டான், "இந்தச் சிவப்புக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?" என்று. மேடமும் என் பக்கம் திரும்பினார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஃபுளோரைடு என்று சொன்னால் அடுத்து என் பல்லைத்தான் பார்ப்பார்கள் என்று தோன்றியது. சின்ன வயசிலிருந்து அந்தப் பார்வை எனக்குத் தெரியும். "பழைய பெயின்ட் மேடம்" என்றேன்.

அவ்வளவுதான். எழுதிவிட்டேன்.

ஜூன் 21

நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வீட்டில் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். கல்பனா மட்டும் கடைசிவரை கேட்டாள். "நாலு மாசமா குடிக்குதேண்ணா. இப்ப வந்து சொல்றீங்களே" என்றாள். பிறகு, "உங்க வீட்டுல கேன் தண்ணி. எங்களுக்குக் குழாய்ல ஒருநாள் விட்டு ஒருநாள் வருது, ரெண்டு குடம். சமைக்கிறதா, பாட்டிலுக்கு ஊத்துறதா?" என்றாள்.

தண்ணீர் குடிக்கிறீர்களா அண்ணா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஜூலை 8

மேடம் உற்சாகமாகக் கூப்பிட்டார். ஆண்டறிக்கையின் அட்டைப் படம் முடிவாகிவிட்டதாம். பெரிய ஸ்க்ரீனில் காட்டினார். நீல பம்பு, மேலே கிளி, தண்ணீர் பாய்கிறது. ஒரு சின்னப் பெண் இரண்டு கையையும் ஏந்திக் குடித்துவிட்டு, நிமிர்ந்து சிரிக்கிறாள். முன்பல் இரண்டு விழுந்த ஓட்டை. முகவாயில் தண்ணீர் சொட்டுகிறது.

சாதனா.

"என்னாச்சு திம்மராஜ்?" என்றார் மேடம்.

"என் பொண்ணு மேடம்."

"நிஜமாவா!" என்று எழுந்து நின்று கை கொடுத்தார். என் வலது கையை, பார்த்துப் பதமாகப் பிடித்துக்கொண்டு.

மாலை வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், கத்தாமல்தான் கேட்டேன். பாட்டில் குடுத்து அனுப்பறேனே, அப்புறம் ஏன் பம்புல குடிச்ச?

"பாட்டில தீபிகாவுக்குக் குடுத்துடுவேன்பா."

"என்னைக்கு?"

"தினமும். அவளுக்கு யாரும் குடுத்து அனுப்பல. அவ சின்னப் பொண்ணு, பல்லு கெட்டுப்போனா பாவம்ல?"

"உன் பல்லு?"

"என் பல்லு உன்ன மாதிரிதான ஆவும்? உன் பல்லு நல்லாத்தான்பா இருக்குது" என்றாள்.

சௌபாக்யா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். நான் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினேன். அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம், அழுதேன்.

ஜூலை 10

பிள்ளைகள் படத்தைப் போட வேண்டுமானால் பெற்றோர் சம்மதப் படிவம் வேண்டும். அதை வாங்கிக் கொடுப்பது என் வேலை. இதுவரை நூறு பேரிடம் வாங்கியிருப்பேன், எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டி. இன்று நானே வாங்கி நானே போட வேண்டும்.

"மேடம், அந்தப் பம்புத் தண்ணி..." என்றேன்.

"தெரியும் திம்மராஜ், மறக்கல. அக்டோபர் மீட்டிங்ல வச்சிருக்கேன். அது தனி விஷயம். இது மூணு மணிக்குப் பிரஸ்ஸுக்குப் போகணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க நிரந்தரத்துக்கு நான் எழுதின லெட்டரும் இந்த வாரம்தான் மேல போகுது. நம்ம டிபார்ட்மென்ட் ஆளோட பொண்ணுன்னு தெரிஞ்சா எம்.டி. ரொம்ப சந்தோஷப்படுவார்" என்றார். மிரட்டவில்லை. எனக்கு நல்லது நடக்கிறதே என்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டுச் சொன்னார்.

படிவத்தைப் படித்தேன். 'என் மகளின் படத்தை நிறுவனத்தின் நற்பணிகளை விளக்கப் பயன்படுத்த முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால். மாட்டேன் என்று சொல்கிற ஒருவனை நானே கொஞ்ச நேரம் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பத்து விரலும் இருந்தது.

போட்டேன். மு. திம்மராஜ். ஆறு மாதமாக, பக்கம் பக்கமாகப் போட்டும் வராத கையெழுத்து இன்று வந்துவிட்டது. ஒரு நடுக்கம் இல்லை. விபத்துக்கு முன்னால் போட்டது போலவே இருந்தது. மேடம் எடுத்துப் பார்த்துவிட்டு, "அட, சூப்பர்!" என்றார்.

ஜூலை 11

சாதனாவுக்கு மேல்வரிசையில் புதுப் பல் முனை தெரிகிறது. ஜன்னல் பக்கம் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். இப்போது குடித்தது இந்தப் பல்லில் தெரியாது, இன்னும் சில வருஷம் கழித்து முளைப்பதில்தான் தெரியும் என்று எங்கள் முகாமுக்கு வந்த பல் டாக்டர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். தெரிந்தும் பார்த்தேன்.

"வெள்ளையாப்பா?" என்று கேட்டாள், வாயை மூடாமலே.

ஆமாம் என்றேன்.